தயவுசெய்து கீழ்நோக்கி முயற்சி செய்யுங்கள்

"மம்மி உள்ள வந்தா நான் பெத்துக்கவே மாட்டேன், அப்படியே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவேன், நீங்களே பாத்துக்கங்க."

இதுதான் அவள் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் பெற்ற பெண். தலைப்பிரசவம். வலி வந்து ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, இந்தக் காரிடாரில் போகிறவர் வருகிறவர் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்கிறாள். மருந்துக் கவுண்டர்காரர்கூட ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார். எழுந்து எங்கே போவாள், சொல்லுங்கள். அந்த வயிற்றோடு வாசலுக்குப் போய் ஆட்டோ பிடிப்பாளா? பேசுகிற பேச்சில் ஒரு நியாயம் வேண்டாமா?

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். ஃபிளாஸ்க்கை அந்தப் பக்கம் வையுங்கள், நான் ஒன்றும் தட்டிவிட மாட்டேன். உங்களுக்கு யார் உள்ளே? மருமகளா. கூட அவள் அம்மா இருக்கிறார்களா. சரி. மருமகள் என்றால் நீங்கள் வெளியே இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள். நான் பெற்ற தாய், அதனால் சொல்கிறேன்.

இந்த ஆஸ்பத்திரியில் லேபர் வார்டுக்குள் கூட ஒரு பெண் இருக்கலாம். ஒருத்திதான். யார் என்று பிள்ளை பெறுகிறவள் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு காகிதம், அதில் ஒரு கட்டம். என் பெண் மித்ரா அந்தக் கட்டத்தில் யார் பெயரைச் சொன்னாள் தெரியுமா? ஐல்சா. ஸ்காட்லாந்துக்காரி. மூன்றாம் வருஷ மருத்துவச்சிப் படிப்பு, இந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்தவள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள், இன்றைக்கு சனிக்கிழமை. ஆறு நாள் பழக்கம். நான் இருபத்தெட்டு வருஷம்.

சத்தம் போட்டேன். போடாமல்? அப்போதுதான் அமலோற்பவம் வந்தாள். ஹெட் நர்ஸ், உயரமாக, கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவாளே, அவள்தான். எனக்கு அவள் புதிதில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை ஒரே கான்வென்ட். என் தோளைப் பிடித்து இந்த பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னாள்: "கோமளா, பத்து நிமிஷம் இங்க வாயத் தொறக்காம உக்காரு. முழுசா பத்து நிமிஷம் உக்காந்துட்டேன்னா, நானே மித்ராகிட்ட பேசி உன்னை உள்ள கூட்டிட்டுப் போறேன். சவரியம்மா, மணி பாத்துக்க."

அதோ கதவுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாளே ஆயா, அவள்தான் சவரியம்மாள். நடுவர்.

பத்து நிமிஷம் ஒரு பெரிய விஷயமா? கான்வென்ட்டில் வருஷா வருஷம் மூன்று நாள் தியானம், மூன்று நாளும் மௌனம். சைகையிலேயே பேனாவுக்கு மை வாங்கியவள் நான். ஒன்பது இருபதுக்கு ஆரம்பித்தேன். கல் மாதிரி இருந்தேன். நாலாவது நிமிஷம் நீங்கள் வந்து, "இங்க யாராச்சும் இருக்காங்களா"ன்னு கேட்டீர்கள். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? "இல்லை" என்றேன். ஒரே வார்த்தை. அதற்கே சவரியம்மாள் விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டிவிட்டாள், முதலிலிருந்து என்று. இப்போது உங்களுக்குச் சொல்வதெல்லாம் பேச்சே இல்லை, விளக்கம். அந்த வித்தியாசம் அவளுக்கு எங்கே புரியப் போகிறது.

நான் எவ்வளவு செய்திருக்கிறேன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வருகிறாள், விருந்தினர் அறையில் கூரை ஒழுகுகிறது, ஒரு வாரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா, நீங்கள் நல்ல இங்கிலீஷ் பேசுவீர்களே என்றார்கள். மனிதாபிமானத்தில் சரி என்றேன். வீட்டில் நிறைமாதக்காரி இருக்கிறாள், ஒரு மருத்துவச்சி வீட்டோடு இருந்தால் நல்லதுதானே என்றெல்லாம் நான் கணக்குப் போடவில்லை. அப்படிச் சொன்னவர் எங்கள் வீட்டுக்காரர். நான் சொல்லச் சொல்லி அவர் சொன்னார்.

அவர்தான் விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வந்தார். ஐல்சா என்ற பெயரை அட்டையில் எழுதும்போதே, படகு தள்ளுகிற மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார். வாயை மூடிக்கொண்டு போங்கள் என்று அனுப்பினேன். அந்தப் பெண் இவரைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டாளாம். சர்க்கரை ஆலை ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கை கொடுத்துக்கூடப் பழக்கமில்லாத மனிதர். புதன்கிழமை வரைக்கும் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தார்.

வந்தவள் பெட்டியைத் திறந்து, படிப்புச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். ஒரு துணிக் குழந்தை. ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு. அப்புறம் ஆரஞ்சுக் கம்பளியில் பின்னிய ஏதோ ஒன்று, அடியில் இழுத்துக் கட்ட நாடா வைத்து. மார்கழி மாதம் இல்லையா, எங்கள் வீட்டுக்காரர் தனக்குத்தான் குரங்குக் குல்லாய் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். எடுத்துத் தலையில் போட்டு, நாடாவை மோவாயில் கட்டிக்கொண்டு, "தாங்க்யூ, வெரி வார்ம்" என்றார்.

அது கருப்பை.

பாடம் நடத்துவதற்காக அவளே பின்னியதாம். குழந்தையை உள்ளே வைத்து நாடாவை மெல்ல மெல்லத் தளர்த்தி, இப்படித்தான் வாய் திறக்கும் என்று காட்டுவார்களாம். பாவம், அந்தப் பெண் நல்ல வளர்ப்பு, உங்களுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். நிஜமாகவே கச்சிதமாகப் பொருந்தியது. மித்ரா அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவள்தான். அந்தப் பெண்ணும் இவளும் அன்றிலிருந்தே ஒட்டிக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். நான் ஏன் வருத்தப்பட வேண்டும்.

இருங்கள். உள்ளே கத்துவது யார்? உங்கள் மருமகள். என் பெண் குரல் இவ்வளவு கட்டை இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் வார்டிலிருந்து முகமெல்லாம் சிவந்து வந்தாள். வெயில் என்று நினைத்தேன், அழுகை. எட்டு மணி நேரம் சுவர் ஓரமாக நின்றாளாம். முதல் வாரம் எதையும் தொடக் கூடாது, பார்க்க மட்டும்தான் என்று அமலோற்பவம் சொல்லிவிட்டாள். இங்கே நர்ஸுகள் போடுகிற கத்தலைப் பார்த்து மிரண்டுபோய்விட்டாள். ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்றால் அவளுக்குத் தெரிந்த தமிழ் ஒரே வார்த்தை. வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் போய்க் கையைக் கூப்பி, "வணக்கம்" என்றாளாம். அந்தப் பொம்பளை என்ன திட்டினாளோ, இவளுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. டிக்கெட்டை மாற்றி வியாழக்கிழமையே ஊருக்குப் போய்விடுகிறேன் ஆன்ட்டி, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று தேம்பினாள்.

முதலில் முகத்தைக் கழுவச் சொன்னேன். அப்புறம் டீ. அப்புறம் ஒரு நோட்டும் பென்சிலும். ஒரு வாரத்தில் ஓடிப்போவதற்கா கடல் தாண்டி வந்தாய், உட்கார், உனக்கு வேண்டிய தமிழை நான் சொல்லித் தருகிறேன் என்றேன்.

முதல் கேள்வியே விவகாரமான கேள்வி. குழந்தையை வெளியே தள்ளச் சொல்வதற்கு இங்கே நர்ஸுகள் ஒரு வார்த்தை சொல்கிறார்களே, அது என்ன என்றாள். உங்களுக்கும் தெரியும் அந்த வார்த்தை. கக்கூஸில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குச் சொல்கிற வார்த்தை. அதை என் வாயால், சாப்பாட்டு மேஜையில், எங்கள் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கொஞ்சம் யோசித்து, மரியாதையாக எழுதிக் கொடுத்தேன். "அம்மா, தயவுசெய்து கீழ்நோக்கி முயற்சி செய்யுங்கள்." அதற்குப் பிறகு, "மிக்க நன்று. தங்களால் இயலுமானால் இன்னும் ஒரு முறை." அப்புறம் ஆறுதலுக்கு ஒன்று: "வருந்த வேண்டாம். விரைவில் நிறைவுபெறும்."

எழுதினால் போதுமா, ஒத்திகை வேண்டாமா? மித்ராவைப் படுக்கச் சொன்னேன், முடியாது என்றாள். எங்கள் வீட்டுக்காரரைப் பிரம்பு நாற்காலியில் சாய்த்து, வயிற்றில் ஒரு தலையணை கட்டினேன். ஐல்சா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தயவுசெய்து கீழ்நோக்கி முயற்சி செய்யுங்கள்" என்றாள். அவர் ஏதோ சத்தம் போட்டார். இது பிரசவ வலி இல்லை, ஏப்பம், சரியாகச் செய்யுங்கள் என்று திருத்தினேன். எனக்கு முன்னே பின்னே பழக்கமில்லையே என்றார். ஆறு தடவை செய்தோம். ஏழாவது தடவை, "தங்களால் இயலுமானால் இன்னும் ஒரு முறை" என்றதும், "இயலாதும்மா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்று நிஜமாகவே கத்தினார். அதுதான் அன்றைக்கு அவர் போட்டதிலேயே நல்ல சத்தம்.

செவ்வாய்க்கிழமை நானும் கூடவே வார்டுக்குப் போனேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டாமா? யாரும் கூப்பிடவில்லை, ஆனால் யாரும் தடுக்கவும் இல்லை.

லால்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, செந்தாமரை என்று பெயர், ஓய்ந்து போய்க் கிடந்தாள். அமலோற்பவம் தலைமாட்டில் நின்றுகொண்டு, "முக்குடி, மூச்ச விடாத, முக்குடின்னா" என்று கத்துகிறாள். பார்த்தீர்களா, அவள் சொல்லிவிடுவாள் அந்த வார்த்தையை. அப்போது ஐல்சா சுவரை விட்டு வந்தாள். செந்தாமரை கையைப் பிடித்தாள். நான் சொல்லித் தந்தபடியே, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி நிறுத்தி நிதானமாக, "அம்மா, தயவுசெய்து கீழ்நோக்கி முயற்சி செய்யுங்கள்" என்றாள்.

செந்தாமரை கத்துவதை நிறுத்திவிட்டாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். "யாரைங்க சொல்லுது இது? எங்க மாமியா உள்ள வந்துட்டாங்களா?" என்றாள்.

வாங்க போங்க என்றால் அது மாமியாருக்குத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். உங்களைத்தான் சொல்கிறாள் என்று நான் விளக்கினேன். "என்னையா?" என்றாள். "மிக்க நன்று" என்றாள் ஐல்சா. அவ்வளவுதான், அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்துதான் சிரிப்பு வந்ததோ. வலியும் சிரிப்புமாகக் குலுங்குகிறாள். அந்தக் குலுங்கலிலேயே பிள்ளை வந்துவிட்டது. மூன்று கிலோ ஆண் குழந்தை. அமலோற்பவம் கையை நீட்டுவதற்குள் பாதி வந்தாயிற்று.

மறுநாள் காலையில் வார்டு முழுக்க விஷயம் பரவிவிட்டது. நாலாவது கட்டில்காரி, "அந்தத் தயவுசெய்து பாப்பாவைக் கூப்பிடுங்க, அது வந்து சொன்னாத்தான்" என்று அடம். அதைப் பார்த்து அஞ்சாவது கட்டில்காரியும். அமலோற்பவத்துக்கே தொற்றிக்கொண்டது. "தயவுசெஞ்சு முக்கித் தொலைடி" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். டிக்கெட் மாற்றுகிற பேச்சை அந்தப் பெண் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

இத்தனையும் யாரால்? அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். அதே புதன்கிழமை என்னை வார்டிலிருந்து வெளியேற்றினார்கள்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. திருவெறும்பூர்க்காரி ஒருத்தி, வலி வந்தால் தன் புருஷனைத் திட்டுகிறாள். திட்டு என்றால் காது கூசுகிற திட்டு, அவன் அம்மா அக்கா எல்லாரையும் சேர்த்து. நான் பக்கத்தில் போய் மெதுவாகத்தான் சொன்னேன். பிறக்கப் போகிற குழந்தை காதில் விழுகிற முதல் வார்த்தை இதுவாகவா இருக்க வேண்டும், இதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்லலாமே என்றேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து வீசினாள். நல்லவேளை பிளாஸ்டிக். அப்புறம் அமலோற்பவம் எழுதிக்கொண்டிருந்த கேஸ் ஷீட்டைப் பார்த்து, கையெழுத்து இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, என் முழங்கையைப் பிடித்து, இதோ இந்தக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். சவரியம்மாவிடம், "இந்த அம்மா இனிமே உள்ள வரக் கூடாது" என்றாள்.

நீங்கள் வேறு மாதிரி நினைக்கக் கூடாது. அவளுக்கு என்மேல் பகை எதுவும் இல்லை. நாலாம் வகுப்பில் நான் கிளாஸ் லீடர். தமிழில் பேசுகிறவர்கள் பெயரை போர்டில் எழுத வேண்டும், எழுதப்பட்டவள் ஒரு மரத்துண்டை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மணி வரைக்கும் நிற்க வேண்டும். தினமும் அமலோற்பவம்தான். நான் வைத்த சட்டமா அது? சிஸ்டர் கொலம்பா வைத்தது. எழுத்து அழகாக இருக்கும் என்று சாக்பீஸை என் கையில் கொடுத்தார்கள், நான் எழுதினேன். அதையெல்லாம் இந்த வயசில் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? புதன்கிழமை என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தும்போதுகூட, "டமில் நாட் அலவுட்" என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு வேடிக்கையாகப் பழகுகிறவள்.

என்ன சவரியம்மா, முறைக்கிறாய்? நான் இவர்களிடம் மணி கேட்டேன்.

வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. வார்டில் கூட்டம், அதனால் சீக்கிரம் வந்துவிட்டேன் என்றேன். வியாழக்கிழமை மித்ரா அறைக்குள் இரண்டு பேரும் குசுகுசு. நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊரில் பிரசவத்துக்கு முன்னால் ஒரு திட்டம் எழுதி வைப்பார்களாம். விளக்கு எப்படி இருக்க வேண்டும், என்ன பாட்டு, என்ன சாப்பாடு, எல்லாம் பிள்ளை பெறுகிறவள் இஷ்டம். கேட்டால் சிரிப்பாக இல்லை? நான் மித்ராவைப் பெறும்போது என்னை யாரும் பெயர்கூடக் கேட்கவில்லை. இவள் நாலு பக்கம் எழுதியிருந்தாள். மறுநாள் மேஜையைத் துடைக்கும்போது கண்ணில் பட்டது, தலையணைக்கு அடியில்.

விளக்கு: மங்கலாக. பாட்டு: எதுவானாலும் சரி, அப்பா பாட வேண்டாம். குழந்தை பிறந்ததும் எனக்கு: பால்கோவா. உடன் இருக்க வேண்டியவர்: ஐல்சா.

அடுத்த கேள்வி, உடன் இருக்கக் கூடாதவர்.

மம்மி.

காரணம் என்று ஒரு கோடு போட்டிருந்தது. அதில் ஒரே வார்த்தை. திருத்துவாங்க.

நீங்களே சொல்லுங்கள், இது ஒரு காரணமா? குடிப்பாள், அடிப்பாள், திருடுவாள் என்றால் காரணம். என்னிடம் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும், காலையில் வருகிற பேப்பரில் தப்பு இருந்தால் வட்டம் போடுவதற்கு. கை தன்னால் போய்விட்டது. அந்த வார்த்தைக்குப் பக்கத்தில், "காரணம் போதாது. விரிவாக எழுதவும்" என்று எழுதினேன். அடியில் பத்துக்கு ஆறு போட்டேன். பழக்கதோஷத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அதை வைத்துத்தான் நான் படித்தேன் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

நேற்று சாயங்காலம் பெரிய சண்டை. "இருபத்தெட்டு வருஷமா நான் எது செஞ்சாலும் பத்துக்கு ஆறு மம்மி. ஒருநாளாவது ஏழு போட்டிருக்கீங்களா?" என்றாள். அபாண்டம். எட்டாம் வகுப்பில் அவள் எழுதிய ஒரு கட்டுரைக்கு ஏழு போட்டிருக்கிறேன், தேதிகூடச் சொல்வேன். சொன்னேன். அப்புறம் அவள் சாப்பிட வரவில்லை. தட்டை அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். ஐல்சா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். காலையில் வலி. காரில் முன்னால் அவரும் நானும், பின்னால் அவர்கள் இரண்டு பேரும். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை, இங்கே வந்து இறங்கியதும் அந்த வசனம். எங்கள் வீட்டுக்காரர் காரை நிறுத்தப் போனவர், இன்னும் நிறுத்திக்கொண்டேதான் இருக்கிறார்.

இதோ, கதவு. ஐல்சா. பார்த்தீர்களா, பச்சை கவுன் போட்டுக்கொண்டு, எலும்பும் தோலுமாக, இவள்தான்.

ஐல்சா, என்னம்மா? அவள் எப்படி இருக்கிறாள்?

கேட்டீர்களா? தமிழிலேயே சொல்லிவிட்டுப் போகிறாள். "மித்ரா கேக்குறாங்க. மம்மி பேசுறாங்களா, பேசலையா?" இந்தத் தமிழ் நான் சொல்லித் தந்ததில்லை, மித்ரா சொல்லித் தந்தது. அந்த சவரியம்மாளைப் பாருங்கள், நான் வாயைத் திறப்பதற்குள், பேசுகிறாள் என்று தலையை ஆட்டிவிட்டாள். அந்தப் பெண்ணும் பெருமூச்சு விட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது.

ஆனால் கேட்டிருக்கிறாள். கவனித்தீர்களா? வலியில் இருக்கிறவள் என்னைப் பற்றிக் கேட்டு அனுப்பியிருக்கிறாள். வேண்டவே வேண்டாம் என்றால் எதற்குக் கேட்க வேண்டும்? சொல்லுங்கள்.

சரி. இனி ஒரு வார்த்தை இல்லை. சவரியம்மா, மணி பார். ஒன்பது ஐம்பத்திரண்டு. ஆரம்பித்துவிட்டேன்.

...

உங்கள் ஃபிளாஸ்க் மூடி கழன்றிருக்கிறது. அதைச் சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? புடவையில் கொட்டிவிடும்.

உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமா. முன்னால் நாலு நிமிஷம் இருந்தேனே, அதுதான் என்னால் முடிந்தது. பேசிக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியவில்லை. வாயை மூடினால் உள்ளே நடப்பதெல்லாம் காதில் விழுகிறது. இரும்புத் தட்டு வைக்கிற சத்தம். ஓடுகிற செருப்புச் சத்தம். யார் கத்துகிறாள் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. மித்ராவை நான் பெற்றபோது இரண்டு நாள் ஆயிற்று. எங்கள் அம்மா வெளியேதான் உட்கார்ந்திருந்தார்களாம். அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதே இல்லை.

ஏங்க, உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். சுகந்தி கூட வந்தவர் யார் என்று நர்ஸ் கேட்கிறாள், சுகந்திதானே உங்கள் மருமகள்? போங்கள், போங்கள். பெண் குழந்தையா? ரொம்ப நல்லது. ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பையை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பெண்ணிடம் முதல் வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள், குழந்தை யார் ஜாடை என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள்.

போய்விட்டார்கள்.

சவரியம்மா, இப்போது பக்கத்தில் ஆளே இல்லை, இனி யாரோடு பேசப் போகிறேன்? நீ எங்கே எழுந்து போகிறாய்? உள்ளேயா? மணி யார் பார்ப்பது?

...

இது மித்ரா. இது அவள் குரல்தான். சின்ன வயசில் கை ஒடிந்தபோது இப்படித்தான்.

அமலோற்பவம். கதவுக்கு இந்தப் பக்கம் நான்தான், கோமளா. பத்து நிமிஷம் ஆகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். மூன்றுகூட ஆகவில்லை. நான் தலைமாட்டுக்கு வரவில்லை. கால்மாட்டுக்கும் வேண்டாம். ஒரு ஓரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறேன், அவளுக்கு என் முதுகு மட்டும் தெரிந்தால் போதும். நீங்கள் மூக்கில் கட்டிக்கொள்கிறீர்களே மாஸ்க், அதில் எனக்கு இரண்டு கொடு. ஒன்றன்மேல் ஒன்றாக வாயில் கட்டிக்கொள்கிறேன். நம்பிக்கை இல்லையென்றால் அதற்குமேல் நீயே பிளாஸ்திரி ஒட்டிவிடு. அமலோற்பவம்? கதவை முழுக்கத் திறக்க வேண்டாம்டி, கை நுழைகிற அளவு திற. மாஸ்க்கை மட்டும் நீட்டு.